மலைநாட்டு ஆட்டோவுக்கு டயரும் பிரேக் ஷூவும் மாற்றும்போது நாம் செய்கிற தவறுகள்

ஹட்டன் டவுனில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். டயர் வாங்க வருகிறவர்கள் கேட்பது அநேகமாக இரண்டே கேள்விதான். "அண்ணே, இது நல்லா இழுக்குமா? எவ்வளவு நாள் ஓடும்?" இறக்கத்தில் பிடிக்குமா என்று கேட்டவரை நான் அபூர்வமாகத்தான் கண்டிருக்கிறேன். ஏற்றத்தில் ஏறாத ஆட்டோ பாதியில் நிற்கும், அவ்வளவுதான். ஆட்களை இறக்கிவிட்டுத் தள்ளலாம். இறக்கத்தில் நிற்காத ஆட்டோவை யார் தள்ளுவது?

நம்மில் அதிகம் பேர் செய்கிற தவறு, புது டயர் இரண்டைப் பின்னுக்குப் போட்டுவிட்டு, பின்னால் கிடந்த பழையதில் சுமாரானதை முன்னுக்கு மாற்றுவது. "எஞ்சின் பின்னால்தானே இழுக்குது, முன்சக்கரம் சும்மா திரும்பத்தானே" என்று அதற்கு ஒரு நியாயமும் சொல்வோம். காரில் முன்னால் இரண்டு சக்கரம். ஒன்று வழுக்கினாலும் மற்றது கொஞ்சமாவது பிடிக்கும். ஆட்டோவுக்கு இருப்பது ஒன்று. அது வழுக்கினால் ஹேண்டிலை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி நேரேதான் போகும். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பாரமும் முன்னுக்குத்தான் வந்து விழுகிறது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு ஜூலை மாதம், நோர்வூட்டிலிருந்து மஸ்கெலியாவுக்கு மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போனேன். தூறல்தான், பெரிய மழைகூட இல்லை. ஒரு வளைவில் ஹேண்டில் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. நல்ல காலம், அந்தப் பக்கம் இருந்தது தோட்டத்துக் கான். முன்சக்கரம் அதற்குள் இறங்கி நின்றுவிட்டது. மற்றப் பக்கம் பள்ளம். பின்னால் இருந்த இரண்டு டயரும் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. முன்னுக்கு இருந்தது மொட்டை. புது டயர் ஒன்று வாங்கத்தான் காசு இருக்கிறதென்றால் அது முன்னுக்குத்தான் போக வேண்டும் என்று அன்றைக்குப் பிறகு நான் யாரோடும் வாதாடுவதில்லை. போட்டுவிடுகிறேன்.

முன் டயருக்கு நீளவாட்டில் ஓடும் கோடுகள் நல்லது. பக்கவாட்டில் வழுக்காமல் பிடிப்பதும், ஈர ரோட்டில் தண்ணீரை ஒதுக்குவதும் அவைதான். கட்டை கட்டையாக வெட்டிய டயர் தோட்டத்து மண் ரோட்டில் பின்னுக்கு நன்றாக வேலை செய்யும். அதையே முன்னுக்கும் போட்டால் தார் ரோட்டு வளைவில் அந்த அளவு பிடிமானம் கிடைக்காது. மூன்றுக்கும் ஒரே டயர் போட்டால் ஸ்பெயார் வீல் எதற்கும் பொருந்தும் என்பார்கள். அவசரத்துக்கு எந்த டயரிலும் வீட்டுக்கு வந்து சேரலாம், சரி. அதற்காக வருடம் முழுக்க அப்படி ஓட வேண்டியதில்லை.

அடுத்தது, டயரின் வயதைப் பார்க்காமல் மினுமினுப்பைப் பார்ப்பது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025இல்தான் தனியாருக்குத் திறந்துவிட்டார்கள். இடையில் 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியது. புது வண்டியை நினைத்தும் பார்க்க முடியாமல் பழைய ஆட்டோவையே ஒட்டுப்போட்டு ஓட்டினோம். எங்கோ மூலையில் கிடந்த டயருக்கும் அப்போது மவுசு வந்தது. நானும் ஒரு கடையில் கருகருவென்று இருந்த டயரை மலிவு என்று நம்பி வாங்கினேன். வீட்டில் வந்து பக்கவாட்டைத் துடைத்துப் பார்த்தால் ஆறு வருடப் பழசு. டயரின் பக்கத்தில் சின்னதாக நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது என்று அர்த்தம். ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் இறுகிக்கொண்டேதான் போகும். இறுகிய ரப்பர் தேயாது, உண்மைதான். ஈர ரோட்டைப் பிடிக்கவும் பிடிக்காது. "ஓடி ஓடியும் தேயலே" என்று பெருமைப்படுகிற டயரைக் கொஞ்சம் நகத்தால் அழுத்திப் பாருங்கள்.

அளவில் பெரிய குழப்பம் இல்லை. நம் பக்கம் ஓடுகிற பஜாஜ்களில் பெரும்பாலானவற்றுக்கு 4.00-8தான். டயரின் அகலம் 4 அங்குலம், ரிம் 8 அங்குலம். பக்கத்தில் எழுதியிருக்கிற பிஆர் இலக்கம் டயர் தாங்கும் பாரத்தைச் சொல்வது. வண்டிப் புத்தகத்தில் உள்ளதைவிடக் குறைந்ததைப் போடாதீர்கள். புது டயருக்குள் பழைய டியூபைத் திணிப்பதும் வேண்டாம். விரிந்து போன டியூப் உள்ளே மடியும், அந்த மடிப்பில்தான் வெடிக்கும். அப்புறம், இரண்டு துண்டாக நட் போட்டுப் பொருத்திய ரிம் என்றால் காற்றை முழுதாக இறக்காமல் அந்த நட்டில் ஸ்பானரை வைக்கவே கூடாது.

காற்று கூட அடித்தால் டயர் கூட நாள் ஓடும் என்பதும் நம்மிடம் உள்ள ஒரு நம்பிக்கை. கூட அடித்தால் டயரின் நடுப்பகுதி மட்டும்தான் ரோட்டில் படும், நடு மட்டும் தேயும். குறைந்தால் இரண்டு ஓரமும் தேயும். ஒரே பக்கம் தேய்ந்தால் அது காற்றின் குற்றம் இல்லை. பெயாரிங்கையோ முன் ஃபோர்க்கையோ பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் புது டயர் போட்டால் அதுவும் அதே மாதிரித்தான் தேயும். நுவரெலியாவில் அடித்த காற்று கொழும்பு வெயிலில் கூடிவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. 1,868 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. கீழே போனால் அது கூடி, கேஜில் காட்டும் அளவு குறையும். வெயில் அதைத் திரும்ப ஏற்றிவிடும். ஏறக்குறைய சரிக்குச் சரி. பயப்பட ஒன்றும் இல்லை.

இனி பிரேக். ஆட்டோவும் ஆட்களுமாக 600 கிலோ என்று வையுங்கள். நுவரெலியாவிலிருந்து தலவாக்கலைக்கு 600 மீட்டருக்கு மேல் இறக்கம். குறைத்து 500 என்றே வைப்போம். அந்த இறக்கத்தின் சக்தி முழுவதும் சூடாக மாறினால் எட்டு லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். அதில் ஒரு பங்கை எஞ்சினும் காற்றும் எடுத்துக்கொள்ளும். எஞ்சினுக்கு அந்த வேலையைக் கொடுக்காமல் நியூட்ரலில் விட்டால் மிச்சம் எல்லாம் சக்கரத்தோடு சுற்றுகிற அந்தச் சின்ன பிரேக் டிரம்களுக்குள், ஷூ உள்ளிருந்து உரசுகிற இடத்துக்குத்தான் போகும். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் கோட்டைக் காட்டி வாரத்துக்கு 5 லீற்றர் மட்டும் வாங்கிய நாட்களில் நியூட்ரலில் உருட்டுவது பலருக்குப் பழகிவிட்டது. பெற்றோல் தாராளமாக வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. ரதல்ல குறுக்கு வீதியில் அப்படி இறங்கினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஷூவும் கருகத்தான் செய்யும். ஏறுவதற்குப் போடுகிற கியரிலேயே இறங்க வேண்டும்.

ஷூ மாற்றும்போது டிரம்மைப் பார்க்காமல் விடுவதுதான் கராஜில் நான் அடிக்கடி காணும் குறை. உள்ளே கோடு கோடாக அரித்துப்போன டிரம்மில் புது ஷூ முழுதாகப் படாது. பட்ட இடம் மட்டும் சூடேறும். கடைந்து எடுக்கலாம், ஆனால் எவ்வளவு கடையலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் டிரம்மையே மாற்ற வேண்டும். ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் ஷூ போட்டால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பின்சக்கரம் இரண்டுக்கும் சேர்த்தே மாற்றுங்கள். ஒயில் சீல் ஒழுகி, ஷூவின் மேல் ஒட்டியிருக்கிற லைனர் நனைந்திருந்தால் பெற்றோலில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் திரும்ப மாட்டுவதில் பிரயோசனம் இல்லை. ஊறிய ஒயில் சூடானதும் வெளியே வரும். முதலில் சீல், பிறகு ஷூ. பழைய லைனர் தூசியில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். வாயால் ஊதாதீர்கள், காற்றுக் குழாயாலும் அடிக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

பிரேக் ஒயில் போத்தலைத் திறந்து வைத்தால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். வட்டவளை மாதிரி எப்போதும் மழை பெய்கிற பக்கத்தில் கேட்கவே வேண்டாம். ஈரம் கலந்த ஒயில் நீண்ட இறக்கத்தில் கொதித்து ஆவியாகும், பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். போன வருடம் பாதி ஊற்றி மூடிவைத்த போத்தலை கராஜ் பாஸ் எடுத்தால், வேண்டாம் பாஸ், புதுசு ஒன்று உடையுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

புது ஷூ போட்ட அன்றே பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இறக்கத்துக்குப் போக வேண்டாம். சமதரையில் மெதுவாக ஓட்டி, இடைவெளி விட்டுவிட்டுப் பத்திருபது தடவை பிரேக் பிடியுங்கள். இறங்கி ஒவ்வொரு டிரம்முக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாதீர்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் ஷூவை இறுக்கமாக வைத்துவிட்டார்கள், தளர்த்த வேண்டும். ஒரு வாரம் ஓடிய பிறகு லைனர் டிரம்மோடு பொருந்தி இடைவெளி கூடியிருக்கும். அப்போது இன்னொரு தடவை கராஜுக்குக் கொண்டுபோய் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.