டீஹியூமிடிஃபையர்: சென்னை வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் சென்னையில் அப்பளம் பொரித்த கையோடு நமுத்துப்போகும், தோல் பெல்ட்டில் பூசணம் பூக்கும், மூன்று நாள் கொடியில் கிடந்த ஜீன்ஸ் இடுப்புப் பட்டையில் ஈரமாகவே இருக்கும். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழைதான் என்பதால், காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராகப் பிரித்தெடுக்கும் டீஹியூமிடிஃபையர் எந்திரத்தை வாங்கலாமா என்ற பேச்சும் அப்போதுதான் எழும். தாராளமாக வாங்கலாம். ஆனால் வாங்கிய பலர் பத்து நாளில் அதை மூலையில் ஒதுக்கிவிடுகிறார்கள். வீட்டுக்குள் ஈரம் எந்த வழியாக வருகிறது என்று பார்க்காமலே பணத்தைக் கட்டியதுதான் பெரும்பாலும் காரணம்.

சுவர் ஊறுகிறதா, காற்று ஊறுகிறதா?

மொட்டைமாடித் தட்டோட்டில் விரிசல், பக்கத்து பாத்ரூம் டைல்ஸ் இடுக்கில் கசிவு, தரையிலிருந்து ஏறும் ஓதம்: இவற்றுக்கு எந்திரம் மருந்தாகாது. பெயின்ட் கொப்பளித்து, அடியில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் சுவருக்குள் தண்ணீர் ஓடுகிறது என்று பொருள். டீஹியூமிடிஃபையர் அந்தச் சுவரை ஓயாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும், சுவரும் ஓயாமல் கொடுத்துக்கொண்டே இருக்கும், மின்கட்டணம் மட்டும் ஏறும்.

சந்தேகம் இருந்தால் ஒரு சின்ன சோதனை. சமையலறை அலுமினிய ஃபாயிலில் ஒரு அடிக்கு ஒரு அடி வெட்டி, சுவரில் ஒட்டி, நாலு பக்கமும் டேப் போட்டு இரண்டு நாள் விடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது சுவரைத் தொட்டிருந்த பக்கம் வியர்த்திருந்தால் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும். வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் காற்றில் இருக்கிறது, எந்திரம் உதவும்.

வெள்ளம் புகுந்த தரைத்தள வீடுகள் இதில் தனிக் கணக்கு. 2015-லும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் தண்ணீர் நின்ற வீடுகளைப் போல, ஒருமுறை நனைந்து இனி காய வேண்டிய சுவர் என்றால் டீஹியூமிடிஃபையர் நன்றாகவே வேலை செய்யும். எலக்ட்ரீஷியன் வந்து வயரிங்கைப் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் பிளக்கைச் சொருக வேண்டும்.

ஒரு டம்ளர் தண்ணீர்

பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம். 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம். அந்தக் காற்றை 55 சதவீதத்துக்குக் கொண்டுவர எவ்வளவு தண்ணீரை எடுக்க வேண்டும் தெரியுமா? கால் லிட்டர், அவ்வளவுதான். அப்படியானால் எந்திரத்தில் தண்ணீர் சேரும் டேங்க் ஏன் தினமும் நிரம்புகிறது? மெத்தை, புத்தகம், மர அலமாரி, திரைச்சீலை எல்லாம் குடித்து வைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கக்குகின்றன. அது போக, வெளியிலிருந்து புதுக் காற்று வந்துகொண்டே இருக்கிறது.

ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டுவது அதனால்தான் வீண்வேலை. ஜன்னலை மூடிவிட்டோம் என்று நினைப்பவர்களும் மேலே பார்ப்பதில்லை. மயிலாப்பூர், தி. நகர் பக்கத்துப் பழைய வீடுகளில் ஜன்னலுக்கு மேல் வென்டிலேட்டர் இருக்கும், அது மூடவே மூடாது. பாத்ரூம் கதவும் திறந்தே கிடக்கும். எந்திரம் ஓடும் நேரத்துக்காவது இவற்றை அடைத்தாக வேண்டும். வெளியே நல்ல வெயில் அடித்துக் காற்று காய்ந்திருக்கும் நாளில் எந்திரத்தை அணைத்து ஜன்னலைத் திறப்பதே மேல்.

ஈரத் துணியைக் காயவைப்பது தனி வேலை. வாஷிங் மெஷினில் பிழிந்து எடுத்த ஒரு லோடு துணியிலேயே ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் மிச்சமிருக்கும். அதைப் படுக்கையறையில் விரித்துவிட்டு எந்திரத்தைக் குறை சொல்லக் கூடாது. ஒரு சின்ன அறையை இதற்கென ஒதுக்கி, கதவைச் சாத்தி, கொடிக்குக் கீழே எந்திரத்தையும் ஒரு டேபிள் ஃபேனையும் ஓடவிட்டால் துணி இரவுக்குள் காயும். மழைக்காலச் சென்னையில் இந்த ஒரு பயனுக்காகவே அதை வாங்கலாம் என்பேன்.

அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் லிட்டர்

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் குட்டி எந்திரங்கள் பெரும்பாலும் பெல்டியர் வகை, அதாவது கம்ப்ரசர் இல்லாமல் ஒரு சின்னத் தகட்டைக் குளிரவைத்து ஈரத்தை எடுப்பவை. நாள் முழுக்க ஓடினாலும் அரை லிட்டர் எடுத்தால் பெரிய விஷயம். ஃப்ரிட்ஜில் இருப்பதுபோல் கம்ப்ரசர் வைத்த வகை வேண்டும். எது எது என்று விளம்பரத்தில் புரியாவிட்டால் எடையையும் வாட்டையும் பாருங்கள்: பத்து கிலோ அளவில், 150 வாட்டுக்கு மேல் இருந்தால் கம்ப்ரசர், ஒன்றிரண்டு கிலோவில், 100 வாட்டுக்குள் இருந்தால் பெல்டியர்.

நாளுக்கு 12 லிட்டர் என்று போட்டிருப்பதும் பல பிராண்டுகளில் 30 டிகிரி, 80 சதவீதம் என்ற நிலையில் அளந்தது. அறை 60 சதவீதத்துக்கு இறங்கியதும் அதில் பாதி அளவுக்குத்தான் எடுக்கும். அது கோளாறில்லை.

ஏர் கூலர் ஓடும் வீட்டில் இதையும் ஓட்டுபவர்கள் உண்டு. ஒன்று காற்றில் தண்ணீரைக் கலக்க, இன்னொன்று பிரித்தெடுக்க, இரண்டும் ராத்திரி முழுக்கச் சண்டை போடும்.

மே மாதத்தில் ஓட்டினால்

கடல்காற்றுப் புழுக்கத்துக்கு இது குளிர்ச்சி தரும் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம் நிச்சயம். ஆவி தண்ணீராகும்போது வெளிவிடும் வெப்பமும் எந்திரம் இழுக்கும் மின்சாரமும் அந்த அறைக்குள்ளேயே சூடாக வந்து விழும். மணிக்கு அரை லிட்டர் எடுக்கும் 250 வாட் எந்திரம் கிட்டத்தட்ட 600 வாட் சூட்டைக் கொட்டும். கோடையில் ஏசியே ஈரத்தை எடுத்துவிடும். ஈரத்தை எடுப்பதற்கென்றே ஏசியில் டிரை மோட் வேறு இருக்கிறது. டீஹியூமிடிஃபையருக்கு வேலை ஐப்பசி முதல் மார்கழி வரைதான். ஏசி போட்டால் நடுங்கும், போடாவிட்டால் பிசுபிசுக்கும் நாட்கள் அவை.

கட்டணத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 250 வாட் எந்திரம் தினம் எட்டு மணி நேரம் ஓடினால் 2 யூனிட், இரண்டு மாத பில்லில் 120 யூனிட். ஏற்கனவே 400-ஐ ஒட்டி ஓடும் வீடு 500-ஐத் தாண்டிவிடும். தாண்டினால் ஸ்லாப் கணக்கே மாறும்.

ஓட்டும்போது

ஈரப்பதத்தை 55 சதவீதத்தில் வைத்தால் போதும். பூசணத்துக்கு அந்த அளவில் வளர வழியில்லை. 35-க்கு இறக்கினால் எந்திரம் நிற்கவே நிற்காது. வீட்டில் வீணை இருந்தால் பலா மரம் வெடிக்கவும் கூடும். எந்திரத்தின் திரை காட்டும் எண் அதன் அருகிலுள்ள காற்றுக்கானது என்பதால், சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதம் அளக்கும் ஒரு ஹைக்ரோமீட்டர் வாங்கி அறையின் எதிர் மூலையில் வையுங்கள். எந்திரத்தைச் சுவரை ஒட்டி வைக்காமல் ஓர் அடி இடம் விடுங்கள். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். தண்ணீர் தானாக வெளியேற ஹோஸ் மாட்டினால் அது வழி முழுக்கக் கீழ்நோக்கியே போக வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் தூக்கியிருந்தாலும் தண்ணீர் இறங்காது. டேங்க் தண்ணீரை வீடு துடைக்கவும் ஃப்ளஷுக்கும் ஊற்றலாம். குடிக்கக் கூடாது. இன்வெர்ட்டர் பாட்டரிக்கும் ஆகாது. பார்க்கத் தெளிவாக இருந்தாலும் உள்ளே ஈரத்தைக் குளிரவைக்கும் காயிலின் உலோகமும் தூசியும் அதில் கலந்திருக்கும்.

பட்டுப்புடவை அலமாரிக்கும் கேமரா லென்ஸுக்கும் மட்டும்தான் கவலை என்றால் இவ்வளவு பெரிய எந்திரம் எதற்கு? லென்ஸுக்கு ஈரம் புகாத டிரை பாக்ஸ், புடவைக்கு ஈரம் இழுக்கும் சிலிகா ஜெல் போதும். அந்துருண்டை பூச்சியை விரட்டுமே தவிர ஈரத்தை இழுக்காது. தண்ணீர் சேரும் கால்சியம் குளோரைடு டப்பாவைப் பட்டுக்கு மேல்தட்டில் வைக்காதீர்கள். கவிழ்ந்தால் கறை போகவே போகாது.

பொங்கல் கழிந்து எடுத்து வைக்கும்போது டேங்க்கைக் காயவிட்டு, எந்திரத்தை நிமிர்த்தியே வையுங்கள். எப்போதாவது படுக்கவைத்துத் தூக்கி வர நேர்ந்தால், சில மணி நேரம் நிற்கவிட்டு அப்புறம் சுவிட்சைப் போடுங்கள். கம்ப்ரசர் ஆயில் தன் இடத்துக்கு இறங்க அந்த அவகாசம் வேண்டும்.