தேடினால் படம் வரவில்லையா? மாற்றுச்சொல் சேர்க்கும் முறை

குமரி மாவட்டப் படங்களை வேர்ட்பிரஸ் இணையதளத்தில் ஏற்றி வைத்திருப்பவர்களுக்கான குறிப்பு இது. 'சாளை' என்று தலைப்பிட்ட மீன் படம் 'மத்தி' என்று தேடுகிற சென்னைக்காரருக்குக் கிடைக்க வேண்டுமே!

1. படங்களின் விவரப் பட்டியலில் 'மாற்றுச்சொல்' என்று ஒரு நெடுவரிசை சேருங்கள். விரிதாளுக்கு லிப்ரே ஆபீஸ் கால்க்தான் நல்லது. எக்செல்லில் சாதாரண சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த உரைக்கோப்பாக) சேமித்தால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

2. தலைப்பில் ஒரே பெயர், மற்றவை இந்த நெடுவரிசையில்:

அயிலை: ஐலை, கானாங்கெளுத்தி
மரச்சீனி: மரவள்ளி, கப்பை, குச்சிக்கிழங்கு
மாத்தூர் தொட்டிப்பாலம்: தொட்டில் பாலம், தொங்கு பாலம்

தூண்கள்மேல் நிற்கிற பாலத்தைத் தொங்கு பாலம் என்பது தப்புதான். ஆனாலும் அப்படித் தேடுபவர்கள் உண்டு, இங்கே இருந்துவிட்டுப் போகட்டும். 'மீன்', 'கிழங்கு' போன்ற பொதுச்சொற்கள் வேண்டாம், அவற்றுக்குப் பகுப்பு இருக்கிறது. மரச்சீனிக்கு 'சீனிக்கிழங்கு' சேர்த்துவிடாதீர்கள், அது சர்க்கரைவள்ளி.

3. வேர்ட்பிரஸின் சொந்தத் தேடல் தலைப்பு, சுருக்கம், உள்ளடக்கம் மூன்றைத்தான் பார்க்கும், தனிப்புலத்தை, அதாவது பதிவோடு நாமே சேர்க்கும் கூடுதல் தகவலை, தொடாது. மாற்றுச்சொல் நெடுவரிசையைத் தளத்தில் ஏற்றும்போது தனிப்புலமாகத்தான் வைப்போம். அதையும் தேட, ரெலவான்சி என்ற தேடல் செருகுநிரலின் இலவசப் பதிப்பு போதும். அதன் அட்டவணைப்படுத்தும் (இன்டெக்சிங்) பக்கத்தில் புலத்தின் பெயரைக் கொடுத்து, அட்டவணையை மறுபடி கட்டுங்கள். கட்டாவிட்டால் பழைய பதிவுகள் வராது. அதிலேயே இணைச்சொல் பட்டியலும் உண்டு. ஆனால் வேறு செருகுநிரலுக்கு மாறினால் அந்தப் பட்டியல் நம்மோடு வராது. சொற்கள் பதிவோடு இருப்பதே மேல்.

4. ஆளைக் கவிழ்ப்பது புள்ளி. விளக்கத்தில் 'குளச்சலில் வள்ளங்கள்' என்றிருந்தால், 'குளச்சல்' என்று தேடினாலும் சிக்காது. 'ல்' என்பது கணினிக்கு லகரமும் புள்ளியுமாக இரண்டு குறி. 'லி'யில் புள்ளியின் இடத்தில் இகரக்குறி இருக்கிறது. சொல்லின் முன்பகுதியை ஒப்பிடும் தேடலும் இங்கே தோற்கும். அதனால் உருபு சேராத குளச்சல், வள்ளம் இரண்டையும் மாற்றுச்சொல்லில் போடுங்கள்.

5. 'கொளச்சல்' என்பதன் 'கொ'வில் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியாக அடித்திருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவுக்கு மாற்றினால் சரியாகும், பைத்தானில் ஒரு வரி வேலை. 'ஔ'வுக்குப் பதில் ஒகரமும் ளகரமும் அடித்திருந்தால் அதற்கு என்எஃப்சி உதவாது. தாழக்குடி ஔவையாரம்மன் கோயில் படங்களை ஒருமுறை பாருங்கள். 'ஒளவை' என்றிருந்தால் கையால்தான் திருத்த வேண்டும்.

பின்சேர்க்கை: கைபேசியில் ஆங்கில எழுத்திலேயே ஊர்ப்பெயர் அடிப்பவர்கள் நிறைய. குளச்சலுக்கு 'சி'யில் தொடங்கும் பழைய எழுத்துக்கூட்டல், 'கே'யில் தொடங்குவது இரண்டையும் சேருங்கள். கன்னியாகுமரிக்கு 'கேப் காமரின்' போதும்.