குடும்ப வசதியும் மாணவரின் சாப்பாடும்: ஆய்வு வினாத்தாள் தயாரிப்பது எப்படி?

பல்கலைக்கழக மாணவர்களின் உணவுப் பழக்கத்தைக் குடும்பப் பின்னணியோடு ஒப்பிடும் வினாத்தாள்கள் முதலில் சறுக்குவது "குடும்பத்தின் மாத வருமானம் எவ்வளவு?" என்ற கேள்வியில்தான். பல மாணவர்களுக்கு அது தெரியாது; தெரிந்தவர்களிலும் சிலர் சொல்லக் கூசுவார்கள். வெற்றுக் கட்டங்களை நீக்கிவிட்டுக் கணக்குப் போட்டால் ஒரு பிரிவினரே மொத்தமாக விடுபட்டுப் போகலாம்.

அதற்குப் பதில், தாயின் படிப்பையும் தந்தையின் படிப்பையும் தனித்தனியே கேளுங்கள். தொழிலுக்கு "சொந்தத் தொழில்" என்ற கட்டம் போதாது; தெருவோரக் கடையும் ஆலையும் அதற்குள் வந்துவிடும். என்ன வேலை, கீழே ஆட்கள் உண்டா என்று கேட்டால் தெளிவாகும். வீட்டிலுள்ள பொருள்கள், அறைகள், வாகனம் பற்றி ஐந்தாறு கேள்விகள் சேருங்கள். சிலரிடம் முதலில் கேட்டுப் பார்க்கும் முன்னோட்டத்தில் ஏறக்குறைய எல்லோரும் ஒரே விடை தந்த கேள்வி யாரையும் பிரித்துக் காட்டாது, அதை மாற்றுங்கள். படிப்பு, தொழில், வசதி மூன்றையும் கூட்டி ஒரே மதிப்பெண் ஆக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. தாயின் படிப்பு சாப்பாட்டைப் பாதிக்கும் வழி வேறு, பணம் பாதிக்கும் வழி வேறு.

குடும்பத்தின் பணமும் மாணவரின் கையிலுள்ள பணமும் ஒன்றல்ல. மாதம் கைக்கு வருவது எவ்வளவு, யார் தருகிறார், பகுதிநேர வேலை உண்டா, வீட்டுக்குப் பணம் அனுப்புகிறாரா என்பவை தனிக் கேள்விகள். பணமின்றி உணவைக் குறைத்தாரா என்றறிய, ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் 8 கேள்வி அளவுகோல் இருக்கிறது. அதில் கடந்த 12 மாதத்துக்குப் பதில் கடந்த 30 நாளைக் கேளுங்கள். இல்லையேல் விடுமுறையில் வீட்டில் சாப்பிட்டதும் கலந்துவிடும். விடைகளை மாதம் முழுவதும் பரவலாகச் சேகரித்து, தாளில் தேதியைக் குறியுங்கள். பணம் வந்த வாரத்துச் சாப்பாடு வேறு, மாதக் கடைசிச் சாப்பாடு வேறு.

தங்குமிடத்தை விட்டுவிடாதீர்கள். விடுதியில் எல்லோருக்கும் ஒரே பானைச் சமையல் என்றால், வசதி வேறுபாடு அங்கே மங்கிவிடும். வாடகை அறையில்தான் அது துலங்கும். அடுப்பு இருக்கிறதா, யார் சமைக்கிறார் என்பதையும் கேட்டு, வீடு, விடுதி, அறை என மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

உணவை அளக்க, முந்தைய 24 மணி நேரத்தில் உண்டது, குடித்தது எல்லாவற்றையும் நினைவிலிருந்து சொல்லச் செய்யும் 24 மணி நேர நினைவுகூரலை அடுத்தடுத்து வராத இரண்டு நாட்களுக்கு எடுங்கள். அதில் ஒன்று விடுமுறை நாள். முதலில் குறுக்கிடாமல் பட்டியல் சொல்ல விடுங்கள். பிறகு மறந்துபோன பானம், கொறித்தவை, நேரம், அளவு என ஒவ்வொன்றாக வாருங்கள். "தேநீர்" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. மூன்று கோப்பை, கோப்பைக்கு 2 தேக்கரண்டி சர்க்கரை, தேக்கரண்டிக்கு சுமார் 4 கிராம் என்றால் 24 கிராம். சேர்க்கும் சர்க்கரை போன்றவை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு சொல்லும் வரம்பு, 2,000 கலோரி உண்பவருக்கு சுமார் 50 கிராம்; ஏறக்குறைய பாதி அங்கேயே போய்விட்டது. "காலை உணவைத் தவிர்ப்பீர்களா?" என்பதும் மோசமான கேள்வி. கடந்த 7 நாளில் எத்தனை நாள் முதல் வகுப்புக்கு முன் திட உணவு சாப்பிட்டார், சாப்பிடாததற்குக் காரணம் பணமா, நேரமா, பசியின்மையா என்று கேளுங்கள்.

முன்னோட்டத்துக்கு 20–30 பேர் போதும். முழு ஆய்வுக்கு, 95% நம்பிக்கை, 5% பிழை வரம்பு (நூறு முறை ஆய்வு செய்தால் சுமார் 95 முறை விடை உண்மையிலிருந்து 5 சதவீதப் புள்ளிக்குள் இருக்கும்) என்ற வழக்கமான கணக்கு 384 பேர் என்று சொல்லும். ஐந்தில் ஒருவர் விடை தராமல் போவார் என்று வைத்தால் 480 பேரை அணுக வேண்டும். மூன்று தங்குமிடங்களை ஒப்பிட இதுவும் இறுக்கம்தான்.

பகுப்பாய்வில் வரிசை முக்கியம். ஒரு விளைவோடு பல காரணிகளுக்கு உள்ள தொடர்பைச் சேர்த்துக் கணக்கிடும் முறை ரிக்ரெஷன்; முதல் ரிக்ரெஷனில் குடும்பப் பின்னணி, வயது, பாலினம், படிப்பாண்டு மட்டும் போடுங்கள். கைப்பணத்தை அடுத்ததில் சேர்த்து, பின்னணிக்குக் கணக்கு தரும் தொடர்பின் அளவு (குணகம்) எவ்வளவு சுருங்குகிறது என்று பாருங்கள். அந்தச் சுருக்கம், குடும்பத்தின் தாக்கத்தில் எவ்வளவு கைப்பணம் வழியாக வந்திருக்கலாம் என்பதைக் காட்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினால் "குடும்பப் பின்னணிக்குத் தொடர்பில்லை" என்ற தவறான வரி அறிக்கையில் ஏறிவிடக்கூடும்.