ஹாலோவீன் இரவில் கதவைத் திறப்பதா, வேண்டாமா? புதிதாகக் குடியேறியவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

கனடாவுக்கோ அமெரிக்காவுக்கோ புதிதாகக் குடிவந்த குடும்பங்கள் ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 அன்று மாலையில் ஒரு கேள்வியை எதிர்கொள்கின்றன. வேடமணிந்து வீடு வீடாக வந்து 'டிரிக் ஆர் ட்ரீட்' என்று சொல்லி மிட்டாய் கேட்கும் குழந்தைகளுக்கு நம் வீட்டுக் கதவைத் திறக்க வேண்டுமா என்பதே அது. திறந்தாலும் திறக்காவிட்டாலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் எது என்பதை இருட்டுவதற்கு முன்பே முடிவு செய்து, தெருவில் வருவோருக்குப் புரியும்படி காட்டிவிட வேண்டும்.

டொராண்டோவுக்கு வந்த முதல் ஆண்டில் நாங்கள் அதைச் செய்யத் தவறினோம். வழக்கம்போல் வாசல் விளக்கைப் போட்டுவிட்டுச் சமையலில் இருந்தபோது அழைப்பு மணி அடித்தது. தேனீ வேடமிட்ட ஒரு சிறுமி தலையணை உறையை இரு கைகளாலும் விரித்துப் பிடித்தபடி நின்றாள். வீட்டில் மிட்டாய் எதுவும் இல்லாததால், அன்று சுட்டிருந்த முறுக்கில் இரண்டை என் மனைவி எடுத்துக் கொடுத்தார். சிறுமியின் தாய் மலர்ந்த முகத்துடன் நன்றி சொன்னார். ஆனால் முறுக்கை உறைக்குள் போடவிடாமல் தம் கையிலேயே வாங்கி வைத்துக்கொண்டார். காரணம் எங்களுக்குப் பின்னர்தான் விளங்கியது.

படி 1: வாசல் விளக்கு என்ன சொல்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள்

வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் அடுத்த வீட்டுக்குப் போகலாம் என்பது அங்கே குழந்தைகளுக்கும் தெரிந்த வழக்கம். வாசலில் ஒளிரும் பூசணிக்காயும் அழைப்பாகவே கொள்ளப்படும். நம்மவர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தீபாவளி சில ஆண்டுகளில் ஹாலோவீனை ஒட்டி வருகிறது. 2024இல் இரண்டும் ஒரே நாளில் வந்தன. படிகளில் அகல் விளக்கு வரிசையாக எரியும் வீட்டைக் கண்டால் குழந்தைகள் நிச்சயம் வருவார்கள். ஆகவே விளக்கேற்றும் வீட்டார் மிட்டாயும் வாங்கி வைப்பதே முறை. தரையைத் தொடும் அங்கிகளும் மெல்லிய துணி இறக்கைகளும் உரசிச் செல்லும் படிகளில் அன்று ஒருநாள் மட்டும் மின்கல விளக்குகளை வைத்துவிட்டு, எண்ணெய் விளக்கைப் பூசையறையில் ஏற்றுங்கள்.

படி 2: உங்கள் வீட்டின் நிலையைப் பாருங்கள்

பக்கவாட்டுக் கதவு கொண்ட நிலவறை வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களைத் தேடிக் குழந்தைகள் வருவது அரிது. முன்வாசல் வீட்டு உரிமையாளருடையது என்பதால் அவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அடுக்குமாடிக் கட்டடங்களில் வழக்கம் கட்டடத்துக்குக் கட்டடம் மாறும். விரும்புவோர் பெயர் எழுத முகப்பில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரவு வேலை, கைக்குழந்தையின் உறக்கம், நோயுற்ற பெரியவர், மணி அடித்தால் பாயும் நாய், சமய நம்பிக்கை, அந்த மாதத்துப் பணமுடை ஆகிய ஒவ்வொன்றும் 'வேண்டாம்' என்பதற்குப் போதுமான காரணமே.

படி 3: வேண்டாம் என்று முடிவெடுத்தால்

வாசல் விளக்கை அணைத்து, முன்னறையின் திரையை இழுத்துவிடுங்கள். ஆள் நடமாட்டத்தை உணர்ந்து தானாக எரியும் விளக்கு இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான். அதற்குப் பிறகும் மணி அடித்தால் திறக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

படி 4: வரவேற்க முடிவெடுத்தால்

சென்ற ஆண்டு எத்தனை குழந்தைகள் வந்தார்கள் என்று பக்கத்து வீட்டாரைக் கேளுங்கள். ஒரே ஊரில் ஒரு தெருவுக்குப் பத்துப் பேரும் அடுத்த தெருவுக்கு நூறு பேரும் வரக்கூடும் என்பதால், அவர்கள் சொல்லும் எண்ணை விடச் சரியான கணக்கு வேறில்லை.

ஆலையில் உறையிட்டு வந்த சிறிய சாக்லேட்டுகளையும் மிட்டாய்களையும் மட்டும் கொடுங்கள். முன்பின் அறியாதவர் மிட்டாயில் நஞ்சு கலந்துவிடுவார் என்ற அச்சம் அங்குள்ள பெற்றோரிடம் நெடுங்காலமாக உண்டு. அப்படி உறுதியான நிகழ்வுகள் மிக மிக அரிது என்றாலும், உறையில்லாத பண்டத்தை அவர்கள் உண்ண விடுவதில்லை. அதைவிட மெய்யான ஆபத்து ஒவ்வாமை. நிலக்கடலை உடலுக்கு ஒவ்வாத குழந்தைக்குச் சிறு துணுக்கும் உயிருக்கு ஆபத்தாகலாம். எங்கள் முறுக்கில் என்ன இருக்கிறது என்று சொல்ல அதன்மேல் எந்த எழுத்தும் இல்லை. அந்தத் தாய் செய்தது முற்றிலும் சரி.

நிலக்கடலை இல்லை என்று அச்சிட்ட பெட்டியைத் தேடி வாங்குங்கள். தின்பண்டமே வேண்டாத குழந்தைகளுக்காகப் பென்சில், ஒட்டுப்படம் போன்றவற்றைத் தனிக் கிண்ணத்தில் வைத்து, வாசலில் நீலப்பச்சை நிறப் பூசணிக்காய் ஒன்றை வைக்கலாம். அமெரிக்காவில் 2014இல் நாடு தழுவிய இயக்கமாகத் தொடங்கப்பட்ட இந்த அடையாளத்தைக் கண்டாலே ஒவ்வாமை உள்ள குழந்தையின் பெற்றோருக்கு நெஞ்சு நிறையும்.

டொராண்டோவில் அன்று சூரியன் ஆறு மணிக்குச் சற்றுப் பின் மறைகிறது. சின்னஞ்சிறு குழந்தைகள் அதற்கு முன்பே வந்துவிடுவார்கள். ஐந்து மணிக்குள் படிகளிலுள்ள ஈர இலைகளைப் பெருக்கி, நாயை உள்ளறையில் விட்டுவிடுங்கள். வாய் திறந்து கேட்காத குழந்தையைப் பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். பேச இயலாத குழந்தையாக இருக்கலாம். பதினைந்து வயதுப் பையன் வந்தாலும் முகம் சுளிக்காமல் கொடுங்கள். அவனும் இன்னும் பிள்ளைதான்.

மிட்டாய் தீர்ந்துவிட்டாலோ, மணி எட்டரை ஆகிவிட்டாலோ வாசல் விளக்கை அணைத்துவிடலாம். பூசணிக்காயின் உள்ளே இருக்கும் விளக்கையும் அப்போதே அணைத்துவிடுங்கள். அது எரியும்வரை மணி அடித்துக்கொண்டே இருக்கும்.