ஓக் மரம் வெட்டப்பட்ட ஆண்டைக் கணிக்க ஃபெல்லிங்டேட்டர் மென்பொருள்: செய்முறை

ஃபெல்லிங்டேட்டர், வளர்ச்சி வளையங்களை வைத்து மரம் எந்த ஆண்டுகளுக்குள் வெட்டப்பட்டது என்று கணிக்கும் மென்பொருள். கணினியைத் திறப்பதற்கு முன் கையிலிருப்பது என்ன மரம் என்று பாருங்கள். கொழும்பில் புறக்கோட்டைப் பக்கத்துப் பழைய கட்டடமொன்றின் கூரையில் பலா, முதிரை, தேக்கு, பனை என எதுவும் இருக்கலாம். பனையில் வளர்ச்சி வளையமே கிடையாது. பலா வளையம் போட்டாலும் அதை ஆண்டுக் கணக்காக எடுக்க முடியாது. கொழும்பில் ஏப்ரல்-மே, ஒக்டோபர்-நவம்பர் என்று மழை இரு முறை உச்சம் தொடுகிறது. மரம் கட்டாயமாக உறங்கும் குளிர்காலம் இல்லை. தேக்கு விலக்கு. அதன் வளையங்கள் தெளிவானவை. ஜாவாத் தேக்குக்கு 1514 முதல் 1929 வரையான வளைய வரிசையை ஆய்வாளர் பெர்லாகே 1931இலேயே வெளியிட்டார். ஆனால் இந்த மென்பொருளோடு வரும் அட்டவணைகள் ஐரோப்பிய மரங்களுக்கானவை, பெரிதும் ஓக்குக்கு. தேக்கின் எண்களைக் கொடுத்தாலும் அது மறுக்காமல் ஒரு விடை சொல்லிவிடும். அந்த விடைக்குப் பொருளில்லை. ஆகவே கப்பலில் வந்த ஐரோப்பிய ஓக் பெட்டகம், பலகை, கப்பல் சிதைவின் சட்டம் போன்றவற்றுக்கே கீழே உள்ள முறை.

பழைய நினைவுச்சின்னத்தில் துளையிட வேண்டுமானால் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி முதலில். அது கிடைத்த பிறகும் துளைக்கருவியை எடுக்க அவசரப்படாதீர்கள். உள்ளே இருண்டு நிற்பது வைரம். வெளியே வெளிர் நிறமாக இருப்பது சாற்றுக்கட்டை; கறையானும் வண்டும் முதலில் தின்பது இதைத்தான், தச்சர் செதுக்கி எறிவதும் இதைத்தான். துளைக்கும்போது உதிர்ந்துபோகும் என்பதால், அது மரத்தில் இருக்கும்போதே வளையங்களை எண்ணி அளவுகோலோடு படம் எடுத்துவிடுங்கள். வெளியே இன்னும் எத்தனை வளையம் போயிருக்கும் என்று கணிப்பதே வேலை என்பதால், எல்லாம் இந்த எண்ணிக்கையில்தான் தொங்குகிறது.

எடுத்த துண்டை நார் செங்குத்தாக நிற்கும்படி மரத் தாங்கியில் ஒட்டுங்கள். 80, 120, 240, 400, 600 என்ற வரிசையில் சாண்ட் பேப்பரால் தேயுங்கள்; பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடைகளில் தேடலாம். 240இலிருந்து நேரே 600க்குத் தாவினால் முந்தைய கீறல்கள் தங்கி, மெல்லிய வளையத்தின் எல்லை போலவே கண்ணுக்குத் தெரியும். ஸ்கேனரில் 1200 டிபிஐ போதும். அப்போது ஒரு புள்ளி ஏறக்குறைய 0.02 மிமீ. வளையங்கள் நெருக்கமாக இருந்தால் 2400. கூரெக்கோர்டர் போன்ற மென்பொருளில் அளந்து சேமியுங்கள்.

சேமிக்கும் வடிவத்தில் ஒரு பொறி இருக்கிறது. வளைய அகலங்களைச் சேமிக்கும் டூசன் வடிவக் கோப்பில் தொடரின் முடிவைக் காட்டும் எண் 999 ஆக இருந்தால் அளவு நூறில் ஒரு மிமீ, -9999 ஆக இருந்தால் ஆயிரத்தில் ஒரு மிமீ. இதைக் கவனிக்காமல் இரண்டு கோப்புகளைச் சேர்த்தால் ஒரு மரம் மற்றதைவிடப் பத்து மடங்கு வேகமாக வளர்ந்ததாகக் காட்டும்.

அடுத்தது காலப்பொருத்தம்: அளந்த தொடரை ஆண்டு தெரிந்த ஒப்பீட்டு வரிசைகளோடு வைத்து எங்கே பொருந்துகிறது என்று பார்ப்பது. கொஃபெச்சா என்ற மென்பொருள் தொடரை 50 ஆண்டுத் துண்டுகளாக, 25 ஆண்டு நகர்த்தி நகர்த்தி ஒப்பிடும். எந்த இடத்தில் வளையம் விடுபட்டது அல்லது இரட்டிப்பாக எண்ணப்பட்டது என்பது அதில் வெளிப்படும். 50 வளையத்துக்குக் குறைந்த துண்டை விட்டுவிடுவது நல்லது. 80க்கு மேல் இருந்தால் நிம்மதி. பொருத்தத்தின் வலிமையைக் காட்டும் டி மதிப்பு 3.5ஐத் தாண்டியதும் மகிழ வேண்டாம். பல நூறு நிலைகளில் வைத்துப் பார்க்கும்போது தற்செயலாகவே அந்த அளவு வரும். ஒரே ஆண்டு, ஒன்றுக்கு மேற்பட்ட ஒப்பீட்டு வரிசைகளில், 5 அல்லது 6க்கு மேலான மதிப்போடு வர வேண்டும். பிறகு இரண்டு வளைகோடுகளையும் மேலே கீழே வைத்துக் கண்ணாலும் பாருங்கள்.

எந்தப் பிரதேசத்து வரிசையோடு மிக நன்றாகப் பொருந்துகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓக்கின் சாற்றுக்கட்டை வளையங்கள் ஐரோப்பாவில் மேற்கிலிருந்து கிழக்கே போகப் போகக் குறைகின்றன: வட அயர்லாந்தில் சராசரி 32 அளவில், போலந்தில் 15 அளவில். பிரதேசத்தைத் தவறாக எடுத்தால் விடையே 17 ஆண்டு வரை நகர்ந்துவிடும். ஒல்லாந்துக் கப்பலில் வந்த பலகை ஒல்லாந்து மரம் என்று எண்ணாதீர்கள். 17ஆம் நூற்றாண்டில் அவர்கள் பால்டிக் கரையிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் ஓக் வாங்கினார்கள்.

இனி ஃபெல்லிங்டேட்டர். இது ஆர் மொழியில் இயங்கும் இலவசப் பொதி. ஆர்ஓப்பன்சயன்ஸ் களஞ்சியத்திலிருந்து நிறுவலாம். ஒரு மரத்துக்கு ஒரு வரி வீதம் நான்கு பத்திகள் கொண்ட அட்டவணை தயார் செய்யுங்கள்: தொடரின் பெயர், கடைசி வளையத்தின் ஆண்டு, சாற்றுக்கட்டை வளைய எண்ணிக்கை, பட்டையடி விளிம்பு (பட்டைக்கு உடனடிக் கீழே உள்ள கடைசி வளையம்) உண்டா இல்லையா.

மூன்றாவது பத்தியில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். 0 என்றால் வைரத்தின் எல்லை வரை மரம் இருக்கிறது, அதற்கப்பால் ஒன்றும் மிஞ்சவில்லை என்று பொருள். வெற்றிடம், அதாவது என்ஏ, என்றால் அந்த எல்லையே தெரியவில்லை, வைரமும் எவ்வளவு போயிற்றோ என்று பொருள். எக்செல்லில் வெற்றுக் கலங்களைச் சேர்த்து 0 நிரப்பினால், "இந்த ஆண்டுக்குப் பின்" என்று மட்டும் சொல்லக்கூடிய மரத்துக்கு மேலெல்லையும் முளைத்துவிடும்.

கற்பனையாக ஒன்று. கடைசி வளையம் 1698, சாற்றுக்கட்டை 8. அப்படியானால் வைர எல்லை 1690. தென் இங்கிலாந்து ஓக்குக்கு ஆய்வாளர் மைல்ஸ் 1997இல் தந்த 9 முதல் 41 சாற்றுக்கட்டை வளையம் என்ற வீச்சை வைர எல்லையோடு கையால் கூட்டினால் 1699–1731. அதே மரத்தில் 20 சாற்றுக்கட்டை வளையம் மிஞ்சியிருந்தால் கடைசி வளையம் 1710. அதற்கு முன் வெட்டியிருக்க முடியாது. கூட்டல் கணக்கு கீழெல்லையை மட்டும் வெட்டும். மென்பொருளின் 'எஸ்டபிள்யூ இன்டர்வெல்' கட்டளையோ சாற்றுக்கட்டை எண்ணிக்கைப் பரவலில் மிஞ்சிய பகுதியை மீண்டும் நூறு வீதமாக்கிக் கணக்கிடுவதால் மேலெல்லையும் சற்று நகரும். கையால் போட்டதும் கணினி தந்ததும் ஒத்துப்போகாததற்குக் காரணம் இதுதான். பிழையென்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

பட்டையடி விளிம்பு இருந்தால் வீச்சே தேவையில்லை. கடைசி வளையம் 1702, அது முழுமையாக முடிந்திருக்கிறது என்றால் 1702 இலையுதிர் காலம் முதல் 1703 வசந்தம் தொடங்கும் முன். வசந்தகாலக் கட்டையின் பெருந்துளைகள் மட்டும் இருந்தால் 1702 வசந்தம்.

ஒரே கட்டுமானத்தின் பல மரங்கள் ஒரே காலத்தில் வெட்டப்பட்டன என்று கருத நியாயம் இருந்தால் அவற்றைச் சேர்த்துக் கணிக்க 'எஸ்டபிள்யூ கொம்பைன்' கட்டளை. மரங்கள் ஒரே காலத்தோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஒத்திசைவுக் குறியீடு 60 வீதத்துக்குக் கீழே போனால் அந்தக் கருதுகோள் நிற்காது. முரண்டுபிடிக்கும் மரத்தைத் தூக்கிவிட்டு மீண்டும் ஓட்டுவது எளிது, ஆனால் ஏமாற்று. அந்த மரத்திடமே திரும்பிப் போய்ப் பாருங்கள்: பொருளில்லாத பொருத்துத் துளையோ பழைய ஆணித் தடமோ இருந்தால் அது வேறிடத்தில் கழற்றி மறுபடி போட்ட மரம். அதைத் தனிக் கட்டமாகப் பிரியுங்கள். தொடர்பில்லாத மரங்கள் பலவற்றின் பொதுப்போக்கை மட்டும் பார்க்க 'எஸ்டபிள்யூ சம்' இருக்கிறது.

வெட்டிய ஆண்டு பொருளைச் செய்த ஆண்டு அல்ல. கிடங்கில் உலர்ந்த காலமும் மாதக்கணக்கான கப்பல் பயணமும் கொழும்புக்கு வந்த பொருளில் கூடுதலாகச் சேரும்; அதை மென்பொருள் கணக்கில் எடுக்காது. அறிக்கையில் ஆண்டு வீச்சு, 95.4 வீதம் போன்ற நம்பக அளவு, எடுத்த அட்டவணையின் பெயர் (ஹோல்ஸ்டைன் 1980, வாஸ்னி 1990, மைல்ஸ் 1997), பரவல் வகை, பொதியின் பதிப்பு எண் ஆகிய ஐந்தையும் ஒரே வரியில் எழுதுங்கள். இன்னொருவர் அதே எண்களை வைத்து அதே விடையைப் பெற இவ்வளவும் வேண்டும்.