மலைவீட்டில் விறகுக் கணப்பு: திட்டமிடும்போதே நேரும் தவறுகள்

உதகை, குன்னூர், கொடைக்கானல் போன்ற ஊர்களில் வீடு கட்டுவோர் பலருக்கு வரவேற்பறையில் விறகு எரிக்கும் கணப்பு ஒன்று வேண்டும் என்ற ஆசை உண்டு. உறைபனி விழும் ஜனவரி இரவுகளை அறிந்தவர்கள் அந்த ஆசையைக் குறைசொல்ல மாட்டார்கள். ஆனால் முகப்புக்கு எந்தக் கல், அதன்மேல் எவ்வளவு அகலப் பலகை என்றெல்லாம் முடிவுசெய்த பிறகே புகை எந்த வழியாகப் போகும் என்று மேஸ்திரியிடம் கேட்கிறார்கள். முதல் தவறு அதுதான். கணப்பைக் கூரைக்கு மேலிருந்து கீழ்நோக்கித் திட்டமிட வேண்டும்.

நான் பார்த்த ஒரு வீட்டில் 36 அங்குல அகலமும் 28 அங்குல உயரமும் கொண்ட கணப்பு வாயை அழகாகக் கட்டிவிட்டு, சமையலறைச் சிம்னிக்குப் போடும் 6 அங்குலக் குழாயைச் சுவருக்குள் செருகியிருந்தார்கள். முதல்முறை தீ மூட்டிய சில நிமிடங்களில் அறை முழுக்கப் புகை சூழ்ந்தது. வெள்ளைக் கல்லின் மேல்விளிம்பில் படிந்த கரி பிறகு எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. புகைப்பாதையின் குறுக்குப் பரப்பு கணப்பு வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது, புகைபோக்கி குட்டையாக இருந்தால் எட்டில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது நெடுநாள் கட்டுமான விதி. அந்த வாயின் பரப்பு 1,008 சதுர அங்குலம் என்பதால் 100 முதல் 126 சதுர அங்குலம் வரை தேவைப்பட்டது. அந்தக் குழாயில் இருந்ததோ வெறும் 28. போதாக்குறைக்கு, சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான் என்பதால், புகையை மேலே இழுக்கும் விசையும் குறைகிறது. சமவெளிக்குச் சொல்லப்பட்ட குறைந்தபட்ச அளவோடு மலையில் நின்றுவிடக் கூடாது.

வீட்டின் தோற்றம் கெடும் என்று புகைபோக்கியின் உயரத்தைக் குறைப்பது அடுத்த தவறு. அது கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து 3 அடியாவது உயர வேண்டும்; 10 அடி தொலைவுக்குள் இருக்கும் கூரை முகடு போன்ற எதையும்விட 2 அடியாவது மேலே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் முகட்டைத் தாண்டிச் சுழன்று இறங்கும் காற்று புகையை வீட்டுக்குள்ளேயே திருப்பித் தள்ளும். வெளிச்சுவரை ஒட்டிக் கட்டிய புகைபோக்கி எப்போதும் குளிர்ந்து கிடப்பதால் இழுவை மந்தமாகும். கூடுமானவரை வீட்டின் நடுப்பகுதி வழியாகவே அதைக் கொண்டுபோக வேண்டும்.

ஆழமான கணப்பு கூடுதல் வெப்பம் தரும் என்று நினைப்பதும் பிழை. ரம்ஃபோர்டு பிரபு எனப்படும் அறிவியலாளர் பெஞ்சமின் தாம்சன், ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, தீக்கு மேலே புகை புகைபோக்கிக்குள் நுழையும் இடுக்கான தொண்டையைக் குறுக்கினால் அறைக்குள் வெப்பம் கூடுதலாக வீசும் என்று 1790களிலேயே விளக்கினார். அப்படிக் கட்டினாலும் திறந்த கணப்பின் வெப்பத்தில் பெரும்பகுதி புகையோடு போய்விடும். அறை சூடாவதுதான் நோக்கம் என்றால் கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு அடுப்பே மேல் என்பது என் கருத்து. திறந்த கணப்பு பெரும்பாலும் கண்ணுக்குத்தான் விருந்து.

கணப்புக்குள் தீ எரியும் பகுதியைச் சாதாரணச் செங்கல்லாலும் சிமென்ட் கலவையாலும் கட்டினால் வெப்பத்தில் விரிசல் விடும். தீச்செங்கல்லும் தீக்களிமண் சாந்தும் வேண்டும். தகரக் கூரையின் மரச் சட்டங்களும் பலகைக் கூரைத்தளமும் செங்கல் புகைபோக்கியைத் தொடாமல் குறைந்தது 2 அங்குலம் விலகியிருக்க வேண்டும். மேற்சொன்ன அளவுள்ள வாய்க்கு முன்னால் 20 அங்குலமும் இருபுறம் 12 அங்குலமும் தீப்பற்றாத தரை தேவை. மரத்தரை போடும் வீடுகளில் இது கடைசி நேரத்தில்தான் நினைவுக்கு வருகிறது.

எரியும் விறகுக்குக் காற்று வேண்டும் என்பதையும் பலர் கணக்கில் எடுப்பதில்லை. இடுக்கே இல்லாத யூபிவிசி ஜன்னல்களைப் பொருத்திவிட்டுச் சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேனையும் ஓடவிட்டால், அந்த ஃபேன் புகையைக் கணப்பு வழியாகவே கீழே இழுக்கும். கணப்புக்கென்று வெளிக்காற்று வரத் தனி வழி வைக்க வேண்டும். வெப்பம் போய்விடுமே என்று தணல் அவியும் முன் தொண்டையை அடைக்கும் கதவை மூடுவது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அதற்கான எச்சரிக்கைக் கருவியைத் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

விறகு வைக்க இடம் ஒதுக்காதது சிறிய தவறாகத் தோன்றும். ஆனால் கற்பூர மரமோ சீகையோ எதுவானாலும் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை, பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரை, மழை படாமல் காற்றாடக் காய வேண்டும். பச்சை விறகின் புகை குளிர்ந்த புகைபோக்கிக்குள் தாராகப் படிந்து, ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். தோட்டத்து மரத்தை வெட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம் இருந்தால், 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி முன் அனுமதி தேவையா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும்.

முகப்புக் கல்லைப் பதிப்பதற்கு முன், சாந்து நன்றாகக் காய்ந்ததும், கணப்பு வாயின் மேல்விளிம்பில் ஓர் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை உள்ளே வளைந்து மேலேறினால் நான்கு சுள்ளிகளால் சிறு தீ மூட்டிப் பார்க்கலாம். அறைப்பக்கம் திரும்பினால் மேஸ்திரியை அன்றைக்கே திரும்ப அழையுங்கள். கல் பதித்த பிறகென்றால் இடிக்கும் கூலியும் சேரும்.