மவுன்ட் ஆகாத டிஸ்க்கை மீட்ட கதை

ஏற்காட்டில் கோடை மழை வந்தால் கரண்ட் போவது சகஜம். அதையெல்லாம் லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு அமைப்பில் இருக்கும் ஜர்னல் என்ற குறிப்பேடே பார்த்துக்கொள்ளும்: மெட்டாடேட்டா (கோப்புகளின் பெயர், இடம் போன்ற விவரங்கள்) மாற்றங்களை முதலில் தனியே எழுதிவைத்து, அப்புறம்தான் உரிய இடத்தில் பதியும். ஆனால் காபித் தோட்ட ஆபீஸ் கம்ப்யூட்டரில் இந்தமுறை சூப்பர்பிளாக்கே, அதாவது கோப்பு அமைப்பின் அடிப்படை விவரங்கள் இருக்கும் பகுதியே, போயிருந்தது. அதனால் டிஸ்க் மவுன்ட் ஆகவில்லை, கோப்புகளைத் திறக்கவே வழியில்லை. சூப்பர்பிளாக் இல்லாமல் ஜர்னல் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

"கூலிக் கணக்கு இருக்குமா தம்பி?" என்று மேனேஜர் அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார்.

முதலில் டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் கருவி கொண்டு முழு பார்ட்டிஷனையும் (டிஸ்க்கின் அந்தப் பிரிவையும்) வேறு டிஸ்க்கில் நகலெடுத்தேன். இனி கைவைப்பதெல்லாம் நகலில்தான். புதிதாகக் கோப்பு அமைப்பு உருவாக்கும் எம்கேஇ2எஃப்எஸ் கட்டளையை 'மைனஸ் என்' போட்டு ஓட்டினால், சூப்பர்பிளாக்கின் மாற்றுப் பிரதிகள் இருக்கும் இடங்களைக் காட்டும். அந்த 'என்' விட்டுப்போனால் நிஜமாகவே ஃபார்மட் ஆகிவிடும், ஜாக்கிரதை! கோப்பு அமைப்பு 4 கேபி பிளாக்குகளாகப் பிரிந்திருந்ததால் முதல் பிரதி 32768 என்ற எண்ணுள்ள பிளாக்கில் இருந்தது. பழுது பார்க்கும் கட்டளையான இ2எஃப்எஸ்சிகே-வுக்கு 'மைனஸ் பி 32768' என்று கொடுத்ததும் ஓடத் தொடங்கியது.

கணக்குக் கோப்புகள் அப்படியே கிடைத்தன. சில படங்கள் மட்டும் பெயர் இழந்து, வெறும் எண்களாக லாஸ்ட் ஃபவுண்ட் ஃபோல்டரில் கிடந்தன. திறந்து பார்த்துத்தான் பெயர் வைக்க வேண்டியிருந்தது. யூபிஎஸ்ஸுக்குச் சேலத்தில் சொல்லியாகிவிட்டது.